ஆடிய கண்ணை அம்பயர் கண்ணாக மாற்றுவது: ஓய்வுபெற்ற வீரர்களுக்கு

சர்வதேச ஆட்டம் ஆடி முடித்த ஒருவர் அம்பயராகப் போகிறார் என்றால், "அவருக்குத் தெரியாத ரூல்ஸா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அந்தப் பேச்சை நம்பி இறங்கினால் முதல் சீசனிலேயே வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டிவரும். இருபது வருடம் ஆடியவருக்குப் பந்து எங்கே போகும் என்பது போவதற்கு முன்பே தெரியும். பேட்ஸ்மேனின் தோள் திரும்பும்போதே ஷாட் தெரியும். ஆடுகிறவருக்கு அது பெரிய சொத்து. அம்பயருக்கு அதுவே வில்லங்கம். நடக்கப் போவதை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறவர், கண்ணெதிரே நடந்ததைக் கோட்டைவிடுவார். இங்கே சொல்லப்படுவதில் பெரும்பங்கு அந்தப் பழக்கத்தை மாற்றுவதைப் பற்றித்தான். சிக்னல்கள், ஸ்கோர் கார்டு போன்றவற்றை எந்தப் பயிற்சி வகுப்பிலும் இரண்டு நாளில் சொல்லித் தந்துவிடுவார்கள்.

மாறிக் காட்டியவர்கள் உண்டு. இந்தியாவின் வெங்கட்ராகவன் 57 டெஸ்ட் ஆடிவிட்டு 73 டெஸ்டுகளில் அம்பயராக நின்றார். 1996 உலகக் கோப்பையை வென்ற இலங்கை அணியில் இருந்த குமார் தர்மசேன, 2015 இறுதிப் போட்டியில் அம்பயர். இறுதிப் போட்டியில் ஆடியும் நடுவராக நின்றும் இருக்கும் முதல் ஆள் அவர்தான். ரிச்சர்ட் இல்லிங்வொர்த் 1992 இறுதியில் இங்கிலாந்துக்காகப் பந்து வீசினார், 2023 இறுதியில் அம்பயர். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2004 முதல் 2008 வரை தொடர்ந்து ஐந்து வருடம் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசியின் சிறந்த அம்பயர் விருதை வாங்கிய சைமன் டஃபல் ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடியதில்லை. 145 டெஸ்டில் அம்பயராக நின்ற அலீம் தார், ஆட்டக்காரராக முதல்தர கிரிக்கெட்டைத் தாண்டியதில்லை. ஆக, நாட்டுக்கு ஆடிய பெயர் உங்களுக்கு வாய்ப்பை விரைவாக வாங்கித் தரலாம், அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை.

சட்டப் புத்தகம்: தெரிந்தது என்று நினைப்பதை முதலில் சோதியுங்கள்

லண்டனின் எம்சிசி (மெரில்போன் கிரிக்கெட் கிளப்) வெளியிடும் சட்டங்கள் மொத்தம் 42. அவற்றின் மேல் ஒவ்வொரு தொடருக்கும் தனியாக ஆட்ட விதிமுறைகள் இருக்கும். இரண்டும் மோதினால் அந்தத் தொடரின் விதிமுறையே செல்லும். வீரர்கள் பெரும்பாலும் இந்தப் புத்தகத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். டிரஸ்ஸிங் ரூமில் காதுவழியாக வந்ததுதான் அவர்களுடைய சட்ட அறிவு. அதில் பாதி பழையது, கொஞ்சம் தப்பு.

"சந்தேகத்தின் பலன் பேட்ஸ்மேனுக்கு" என்று சட்டத்தில் எங்கேயும் எழுதியில்லை. அது வழக்கம், அவ்வளவுதான். ரன் அவுட்டில் பேட் வெள்ளைக் கோட்டின் மேல் இருந்தால் உள்ளே என்று நினைப்பவர்கள் ஏராளம். பாப்பிங் கிரீஸ் என்பது அந்தக் கோட்டின் பின்விளிம்பு. கோட்டின் மேலேயே இருந்தால் அவுட். ஃபீல்டர் அணிந்திருக்கும் ஹெல்மெட்டில் பட்டு வந்த பந்தைப் பிடித்தால் பழைய காலத்தில் அவுட் கிடையாது. 2017 சட்டத் தொகுப்பிலிருந்து அவுட். 'ஹேண்டில்டு த பால்' (பேட்ஸ்மேன் பந்தைக் கையால் தொட்டு அவுட் ஆவது) என்ற தனி வகை அதே தொகுப்பில் ஒழிந்து, ஃபீல்டிங்கைத் தடுத்தலோடு சேர்ந்துவிட்டது. கேட்ச் போகும்போது பேட்ஸ்மேன்கள் கடந்திருந்தாலும், 2022 அக்டோபர் முதல் புதிதாக வருபவர்தான் அடுத்த பந்தை எதிர்கொள்வார். ஓவர் முடிந்திருந்தால் மட்டும் விலக்கு. 2000-களில் ஆடி ஓய்வு பெற்றவருக்கு இவை எல்லாம் கைவசம் இருந்த பழைய பதிலோடு குழம்பும். புதிதாகப் படிப்பவரைவிட உங்களுக்கு வேலை அதிகம், ஏனென்றால் முதலில் மறக்க வேண்டும்.

1-லிருந்து 42 வரை வரிசையாகப் படிக்காதீர்கள். 20 டெட் பால் (பந்து ஆட்டத்தில் இல்லாத நிலை), 21 நோ-பால், 25 பேட்டரின் இன்னிங்ஸ், 30 பேட்டர் கிரீஸுக்கு வெளியே இருப்பது, 31 அப்பீல், 36 எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்து காலில் பட்டு அவுட்), 37 தடுத்தல், 38 ரன் அவுட், 41 முறைகேடான ஆட்டம். தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்பதுக்குள் அடங்கும். ஒவ்வொரு உட்பிரிவுக்கும் ஒரு சூழலை நீங்களே எழுதி, பதிலோடு சட்ட எண்ணையும் சேர்த்து எழுதிப் பழகுங்கள். விடை சரி, எண் தெரியாது என்றால் தேர்வில் மதிப்பெண் குறையும். மைதானத்தில் கேப்டன் வாதாட வரும்போது குரலும் தடுமாறும்.

தேர்வு எவ்வளவு கடினமாக இருக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 2022-ல் இந்தியக் கிரிக்கெட் வாரியம் அகமதாபாத்தில் நடத்திய தேர்வில் சுமார் 140 பேர் எழுதினார்கள், 3 பேர் தேறினார்கள். அதில் ஒரு கேள்வி: பெவிலியன், மரம் அல்லது ஃபீல்டரின் நிழல் பிட்ச் மேல் விழுகிறது, பேட்ஸ்மேன் புகார் செய்கிறார், என்ன செய்வீர்கள்? பெவிலியன், மரத்தின் நிழலைக் கண்டுகொள்ளக் கூடாது. ஃபீல்டர் அசையாமல் நிற்க வேண்டும், அசைந்தால் டெட் பால். ஆயிரம் நாள் மைதானத்தில் நின்றவர்கூட இதை யோசித்திருக்க வாய்ப்பில்லை.

பையில் இருக்க வேண்டியவை

பந்து எண்ணும் கிளிக்கர் இரண்டு (ஒன்று நின்றுபோகும்), கூடுதல் பெயில்ஸ் (ஸ்டம்பின் மேல் வைக்கும் சிறு கட்டைகள்) ஒரு ஜோடி, காற்றுக்கு விழாத கனமான பெயில்ஸ் ஒரு ஜோடி, பந்து அளக்கும் வளையம், பேட் அளக்கும் சட்டம், டேப், சிறு கத்தரிக்கோல், பந்து துடைக்க உலர்ந்த துணி, பென்சில், அட்டை, கைக்கடிகாரம். பென்சில்தான் வேண்டும், மழைத் தூறலில் பேனா எழுதாது. வெளிச்சமானி இருந்தால் நல்லது, பெரிய ஆட்டங்களில் அவர்களே தருவார்கள். அரை நாள் ஆட்டத்துக்குப் போகும்போதும் இரண்டு ஜோடி சாக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்துக்கு முன்

ஒவ்வொரு நாளும் ஆட்டம் தொடங்க 45 நிமிடம் முன்பே மைதானத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். வீரராக இருந்தபோது அந்த நேரம் நெட்டில் போகும். இப்போது டேப்போடு பிட்சில் குனிந்து நிற்க வேண்டும். ஸ்டம்பின் உயரம் 71.12 செ.மீ., மூன்றும் சேர்ந்த அகலம் 22.86 செ.மீ. பாப்பிங் கிரீஸ், ஸ்டம்புகள் நிற்கும் கோடான பௌலிங் கிரீஸிலிருந்து 1.22 மீட்டர். பக்கவாட்டுக் கோடான ரிட்டர்ன் கிரீஸ் நடு ஸ்டம்பிலிருந்து இருபக்கமும் 1.32 மீட்டர். கோடு போடுபவர் அளவைக் கோட்டின் எந்த விளிம்பிலிருந்து எடுத்தார் என்று பாருங்கள். அளவு தவறினால் பெரும்பாலும் அங்கேதான் தவறும். ஒரு கோட்டின் அகலம் மாறினாலே நோ-பால் முடிவுகள் மாறிவிடும்.

பௌண்டரி கயிற்றை ஒருமுறை முழுக்க நடந்து பாருங்கள். சைட் ஸ்கிரீனுக்கும் கயிற்றுக்கும் இடையில் பந்து மாட்டிக்கொண்டால் என்ன, உள்ளே தொங்கும் கேமரா கம்பியில் பட்டால் என்ன என்பதை இரண்டு கேப்டன்களிடமும் டாஸுக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஆட்டம் தொடங்க 30 நிமிடத்துக்கு மேல் இருக்கும்போது டாஸ் போடக் கூடாது, 15 நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்வரை தள்ளிப்போகவும் கூடாது.

கூட நிற்கும் அம்பயரோடு பேசுவதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கடிகாரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓவரில் இரண்டு பந்து மீதி என்பதற்கு என்ன சைகை, எல்பிடபிள்யூவில் பேட் பட்டதா என்று சந்தேகம் வந்தால் என்ன சைகை, தாழ்வான கேட்ச் தரையில் பட்டதா என்று கேட்க எந்தச் சைகை என்பதை முடிவு செய்யுங்கள். பெரிய பெயரோடு வருபவர்கள் இதைச் சடங்காக நினைத்து முடித்துவிடுவதும், கூட நிற்கும் சின்னப் பையன் கேட்கக் கூச்சப்படுவதும் அடிக்கடி நடக்கிறது. அந்தக் கூச்சத்தை உடைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு, ஏனென்றால் உங்களுக்குத் தெரியாமல் நடப்பதை அவர்தான் பார்த்திருப்பார்.

எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது

பௌலர் முனையில் ஸ்டம்புக்கு 5 முதல் 7 அடி பின்னால் நில்லுங்கள். அதற்குள் நெருங்கினால் கால் விழும் இடத்தைப் பார்க்கத் தலையைக் குனிந்து, பிறகு பந்துக்காகத் தலையை உயர்த்த வேண்டியிருக்கும். அந்த அசைவில் பந்தின் முதல் பகுதி போய்விடும். பின்னால் நின்றால் கண்விழி மட்டும் அசைந்தால் போதும். ஒவ்வொரு பௌலருக்கும் சரியான இடம் வேறு. முதல் ஓவரில் இரண்டு மூன்று பந்துக்குள் கண்டுபிடித்து, அங்கேயே நிலைத்துவிடுங்கள்.

வரிசை இதுதான்: பின்கால், முன்கால், பந்து. பின்கால் ரிட்டர்ன் கிரீஸைத் தொடக் கூடாது. முன்காலின் ஏதாவது ஒரு பகுதி பாப்பிங் கிரீஸுக்குப் பின்னால் இருக்க வேண்டும். தரையைத் தொடாமல் மேலே இருந்தாலும் சரி. கால் முதலில் விழும் கணம்தான் கணக்கு. விழுந்த பிறகு சறுக்கி முன்னால் போனால் நோ-பால் இல்லை. முன்னாள் பேட்ஸ்மேன்கள் தப்பு செய்வது இங்கேதான். அவர்கள் கண் இருபது வருடமாகப் பௌலரின் கையைத்தான் பார்த்திருக்கிறது. ரன்-அப் தொடங்கியதுமே கண் தானாக மணிக்கட்டுக்குப் போகும். இதைச் சரிசெய்ய நெட்டில் ஒரு மணி நேரம் நின்று, நோ-பாலா இல்லையா என்பதை மட்டும் உரக்கச் சொல்லிக்கொண்டே இருங்கள். பந்து எங்கே போனாலும் கவலைப்படாதீர்கள். பிறகு இரண்டையும் சேர்த்துப் பழகுங்கள். மூன்றாவது அம்பயர் நோ-பால் பார்க்கும் ஆட்டங்கள் வந்துவிட்டதால் இந்தப் பழக்கம் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். நீங்கள் ஆரம்பத்தில் நிற்கப்போகும் ஆட்டங்களில் மூன்றாவது அம்பயரே இருக்க மாட்டார்.

ஸ்கொயர் லெக்கில் நிற்பவர் பாப்பிங் கிரீஸுக்கு நேர்கோட்டில் இருக்க வேண்டும். வெயில் கண்ணில் அடித்தால், ஃபீல்டர் மறைத்தால் ஆஃப் பக்கம் போகலாம். போவதைப் ஃபீல்டிங் கேப்டனிடமும் பேட்ஸ்மேனிடமும் அடுத்த அம்பயரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். இங்கே நிற்கும்போது ஆடியவர் கண் ஆட்டத்தை ரசிக்கத் தொடங்கிவிடும். அதற்குள் ஒரு ஸ்டம்பிங் வரும்.

எல்பிடபிள்யூ

கேட்க வேண்டிய கேள்விகள் ஆறு, வரிசை மாறக் கூடாது. நோ-பாலா? லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்ததா? முதலில் பேட்டில் பட்டதா? பேடில் பட்ட இடம் ஸ்டம்புக்கு நேரா? ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பட்டிருந்தால், பேட்ஸ்மேன் உண்மையாக ஆட முயன்றாரா? ஸ்டம்பைத் தாக்கியிருக்குமா? ஒன்றில் நாட் அவுட் என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆடியவர்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவார்கள்: "சரியான இன்ஸ்விங்கர், நடு ஸ்டம்ப்" என்று மனம் தீர்ப்பு எழுதிவிடும், பிறகு மற்ற ஐந்தும் அதற்குத் துணைக்கு வரும்.

கோணத்தை ஒருமுறை காகிதத்தில் கணக்குப் போட்டால் பாதிக் குழப்பம் தீரும். பௌலர் பாப்பிங் கிரீஸ் அருகே பந்தை விடுகிறார் என்றால் எதிர் ஸ்டம்ப் அங்கிருந்து 18.9 மீட்டர். இடக்கை வேகப் பந்துவீச்சாளர் ஓவர் த விக்கெட்டில் (வீசும் கை ஸ்டம்பின் பக்கம் இருக்க), நடுக்கோட்டிலிருந்து 60 செ.மீ. தள்ளி, வலக்கை பேட்ஸ்மேனுக்கு வீசுகிறார். ஸ்விங்கோ சீமோ இல்லாமல் பந்து நேராகப் போய் நடு ஸ்டம்பைத் தாக்க வேண்டும் என்றால், அது லெக் ஸ்டம்பின் கோட்டுக்குள் வருவது ஸ்டம்பிலிருந்து சுமார் 3.6 மீட்டருக்கு உள்ளேதான். ஸ்டம்பிலிருந்து 6 மீட்டரில் விழுந்த பந்து நடுக்கோட்டிலிருந்து 19 செ.மீ. தள்ளி விழுந்திருக்கும், ஸ்டம்பின் பாதி அகலமோ 11.4 செ.மீ. மட்டுமே. அதாவது நல்ல லெங்த்தில் விழுந்து, திரும்பாமல், நடு ஸ்டம்புக்குப் போகும் பந்து லெக்குக்கு வெளியே விழுந்ததாகவே இருக்கும். ஆஃப் ஸ்டம்பைத் தாக்கும் கோணமாக இருந்தால் இந்த எல்லை சுமார் 5.7 மீட்டருக்கு நீள்கிறது. ஆக இந்த வகைப் பௌலருக்கு அவுட் கொடுக்க ஒன்று பந்து மிக ஃபுல்லாக இருக்க வேண்டும், இல்லை உள்ளே வளைந்திருக்க வேண்டும். ஆட்டத்துக்கு முன் அன்றைய நான்கு பௌலர்களுக்கும் இப்படி ஒரு கோடு வரைந்து பாருங்கள். பௌலர் கிரீஸின் ஓரத்துக்குப் போனால் கணக்கு மாறும்; அதனால்தான் கால் எங்கே விழுந்தது என்பது நோ-பாலுக்கு மட்டுமல்லாமல் இதற்கும் வேண்டும்.

உயரத்தில் ஏமாறுவது அடுத்தது. பேட்ஸ்மேன் நீட்டி முன்கால் போட்டு ஆடும்போது பேடில் பட்ட இடத்துக்கும் ஸ்டம்புக்கும் இடையே இரண்டரை மீட்டருக்கு மேல் இருக்கும். முழங்காலுக்குச் சற்று மேல் பட்டு, பந்து இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் 71 செ.மீ. உயரத்தைத் தாண்டிவிடும். பந்து ஏறுகிறதா, உச்சத்தைத் தொட்டு இறங்குகிறதா என்பதே விடை. பட்ட இடத்தின் உயரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. பந்து தரையில் விழாமல் நேராகக் காலில் பட்டால், பட்டதற்கு முன் வந்த பாதையே தொடரும் என்று எடுத்துக்கொள்ளச் சட்டம் சொல்கிறது. 'அது விழுந்து திரும்பியிருக்கும்' என்ற சுழற்பந்து வீச்சாளரின் வாதத்துக்கு இடமே இல்லை. அந்த வாதத்தை ஒரு காலத்தில் நீங்களும் செய்திருப்பீர்கள்.

முடிவு சொல்லுமுன் இரண்டு மூன்று நொடி எடுத்துக்கொள்ளுங்கள். பந்து வந்த பாதையை மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க அது போதும். உடனே விரல் தூக்கினால் அப்பீலுக்குப் பதில் சொல்கிறீர்கள் என்று அர்த்தம். அதிகம் இழுத்தாலோ, எல்லாருக்கும் சந்தேகம் தொற்றிக்கொள்ளும். அவுட்டுக்கும் நாட் அவுட்டுக்கும் ஒரே கால அளவு வைத்துக்கொள்ளுங்கள். அப்பீல் இல்லாமல் அவுட் கொடுக்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். அடுத்த பந்துக்குப் பௌலர் ஓடத் தொடங்கும் வரை அப்பீல் செய்ய நேரம் உண்டு.

எட்ஜ்: காது பின்தங்கும்

பேட்டுக்கும் உங்களுக்கும் இடையே சுமார் 20 மீட்டர். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க நொடியில் நூறில் ஆறு பங்கு ஆகும். மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் பேட்டைத் தாண்டும் பந்து அதற்குள் ஏறக்குறைய 2 மீட்டர் போயிருக்கும். எனவே சத்தம் காதில் விழும்போது கண் காணும் காட்சி பேட்டைத் தாண்டியதாக இருக்கிறது. சத்தத்தை அந்தக் காட்சியோடு சேர்த்தால் எட்ஜை (பேட்டின் ஓரத்தில் பந்து உரசியதை) நழுவவிடுவீர்கள். பேட் தரையில் உரசிய சத்தத்துக்கு அவுட் கொடுத்துவிடவும் செய்வீர்கள். ஸ்லிப்பிலோ கீப்பராகவோ நின்றவர்களுக்கு இது பெரிய சிக்கல், ஏனென்றால் அங்கே ஒலியும் காட்சியும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். அந்தத் தன்னம்பிக்கையோடு 20 மீட்டர் தள்ளி வந்து நிற்கிறார்கள். கண்ணை முதலில் நம்புங்கள்: பந்தின் பாதை மாறியதா, சீமின் சுழற்சி மாறியதா, பேட்டின் முகம் திரும்பியதா. சத்தம் அதை உறுதிப்படுத்தினால் நல்லது.

கீப்பரின் முகத்தையும் பேட்ஸ்மேனின் முகத்தையும் படித்து முடிவு சொல்வதை விட்டுவிடுங்கள். ஆடிய காலத்தில் நீங்கள் நடித்ததைவிட இவர்கள் நன்றாகவே நடிக்கிறார்கள்.

ரன் அவுட், ஓவர்த்ரோ

ஷாட் அடித்ததும் பந்து போன பக்கமாக நகர்ந்து, பாப்பிங் கிரீஸ் கோட்டுக்கு நேராக வந்து நில்லுங்கள். பந்துக்கு முதுகு காட்டக் கூடாது. 2016 டிசம்பரில் மும்பை டெஸ்டில், ஸ்கொயர் லெக்கில் நின்ற பால் ரைஃபல் ஃபீல்டரின் த்ரோ தலையில் பட்டு வெளியேற வேண்டியிருந்தது. 35 டெஸ்ட் ஆடியவர் அவர். மைதானத்தில் கவனமாக இருந்தாலும் இப்படி நடக்கும்.

நகர்ந்து நின்றதும் ஓட்டம் நிற்க வேண்டும். ஓடிக்கொண்டே பார்த்தால் தலை ஆடும், கோடு ஆடும். த்ரோவைப் பின்தொடராமல் கோட்டையும் ஸ்டம்பையும் ஒரே காட்சியில் வைத்திருங்கள். பந்து அங்கே வந்தாக வேண்டும், அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. பெயில் முழுதாக ஸ்டம்பை விட்டு நீங்கினால்தான் விக்கெட் உடைந்ததாகும். ஒளிரும் பெயில்ஸ் இருந்தாலும் கண் அங்கேயே இருக்கட்டும். ஓடி வந்து தரையைத் தொட்ட பேட் கோட்டைத் தாண்டியபின் மீண்டும் துள்ளி மேலே போனாலும் ரன் அவுட் இல்லை என்பது 2017-ல் வந்த மாற்றம்.

எந்த ஆட்டக்காரனுக்கும் பந்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. அதன் விலையை 2019 உலகக் கோப்பை இறுதி காட்டியது. லார்ட்ஸில் கடைசி ஓவரில் நியூசிலாந்தின் கப்டில் எறிந்த பந்து, இரண்டாவது ரன்னுக்கு டைவ் அடித்த இங்கிலாந்தின் பென் ஸ்டோக்ஸின் பேட்டில் பட்டு பௌண்டரிக்குப் போனது. தர்மசேன ஆறு ரன் என்று சைகை காட்டினார். ஓவர்த்ரோவில் பௌண்டரியோடு சேரும் ரன்கள், எறிந்த கணத்தில் பேட்ஸ்மேன்கள் ஏற்கெனவே கடந்துவிட்டார்களா என்பதைப் பொறுத்தது. கப்டில் எறிந்தபோது ஸ்டோக்ஸும் ரஷீதும் இரண்டாவது ரன்னில் ஒருவரை ஒருவர் கடந்திருக்கவில்லை. ஆக ஐந்து ரன். பிறகு ரீப்ளே பார்த்தபோது தவறு தெரிந்தது என்று தர்மசேனவே சொல்லியிருக்கிறார். இதைச் சரியாகப் பிடிக்க, ஃபீல்டர் கையிலிருந்து பந்து நீங்கும் கணத்தில் ஒருமுறை பேட்ஸ்மேன்கள் எங்கே என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும், ஆபத்தே இல்லாத நிலையிலும், 'கடந்துவிட்டார்கள்', 'கடக்கவில்லை' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். சிலநூறு முறை சொன்ன பிறகு அது தானாக வரும்.

எண்ணுவது

சுலபமான வேலை போலத் தோன்றும், தவறும் இங்கே நிறைய. பந்து டெட் ஆன பிறகு கிளிக் செய்யுங்கள், வீசும் முன் வேண்டாம். வைடும் நோ-பாலும் எண்ணிக்கையில் சேராது. அவற்றை மறுகையில் ஒரு விரலை மடக்கி வைத்துக்கொள்ளலாம். எண்ணிக்கையில் தவறி ஐந்து பந்திலேயே ஓவர் சொல்லிவிட்டால், அம்பயர் எண்ணியதே நிற்கும். பிறகு திருத்த முடியாது. நான்காவது பந்துக்குப் பிறகு அடுத்த அம்பயரின் சைகையைப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். சிக்னல் காட்டியபின் ஸ்கோரர் பதில் தரும்வரை அடுத்த பந்தைத் தொடங்கவிடாதீர்கள்.

பழைய நண்பர்கள்

சட்டப் புத்தகத்தில் இல்லாத பகுதி இது. மைதானத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் உங்களோடு ஆடியிருப்பார்கள், அல்லது உங்களை அண்ணனாகப் பார்ப்பார்கள். முதல் செஷனில் உங்களைச் சோதிப்பார்கள். பழைய பட்டப்பெயரில் கூப்பிடுவார்கள், ஜோக் அடிப்பார்கள், அடுத்த ஓவரில் சத்தமாக அப்பீல் செய்வார்கள். பட்டப்பெயருக்குப் பதில் சொல்லாதீர்கள். எல்லாரையும் ஒரே மாதிரிக் கூப்பிடுங்கள். 'நல்ல பால்' என்று பௌலரிடம் சொல்லக் கூடாது. "கொஞ்சம் முன்னால் போட்டுப் பார்" என்று வாய் வரை வரும், விழுங்கிவிடுங்கள். பேட்ஸ்மேன் கேட்டால் எந்த ஸ்டம்ப் கார்டு என்று மட்டும் சொல்லலாம்.

முடிவுக்கு விளக்கம் கேட்டால் ஒரே வரி: "லெக்குக்கு வெளியே விழுந்தது." இரண்டாவது வரி சொன்னால் வாதம் தொடங்கும். தவறு நடந்துவிட்டதாக உங்களுக்கே தோன்றினால் அதை அடுத்த முடிவால் சமன்செய்யத் தோன்றும். அப்போது ஒரு தவறு இரண்டாகிறது. டிஆர்எஸ்ஸில் (வீரர்கள் கேட்டு ரீப்ளேயில் மறுபரிசீலனை செய்யும் முறை) முடிவு மாறினால் இரு கைகளையும் குறுக்காக எதிர்த் தோள்களில் தொட்டுப் பழைய சைகையை ரத்து செய்து, புதிய சைகையைத் தெளிவாகக் காட்டிவிட்டு அடுத்த பந்துக்குப் போங்கள். முகத்தில் ஒன்றும் தெரிய வேண்டாம். அன்று மாலை ஹோட்டலில் அதைத் திரும்பப் பார்க்க நேரம் இருக்கிறது.

வாக்குவாதம் முற்றினால் கேப்டனை அழைத்துப் பேசுங்கள். கைகட்டி நிற்கும் பௌலரிடம் நேராகப் பேச வேண்டாம். சட்டம் 42 நடத்தை மீறல்களை நான்கு நிலையாகப் பிரிக்கிறது. முதல் நிலையில் முதல் முறை எச்சரிக்கை, திரும்பவும் வந்தால் எதிரணிக்கு ஐந்து ரன். நான்காவது நிலை என்றால் ஆட்டம் முழுக்க வெளியேற்றம். முன்னாள் வீரர்கள் எச்சரிக்கை கொடுக்கத் தயங்குவார்கள், 'ஆட்டத்தில் இதெல்லாம் சகஜம்' என்று. முதல் மீறலை விட்டுவிட்டால் மூன்றாவதைத் தடுக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்காது.

பந்து, வெளிச்சம், உடம்பு

ஒவ்வொரு விக்கெட் விழும்போதும், அவ்வப்போது எதிர்பாராத நேரத்திலும் பந்தை வாங்கிப் பாருங்கள். மாற்றுப் பந்து அதே அளவு தேய்ந்ததாக இருக்க வேண்டும். வெளிச்சம் குறைந்து ஆட்டத்தை நிறுத்தினால் அந்த அளவைக் குறித்துவையுங்கள். ஆட்டம் முழுக்க அதுவே அளவுகோல். 'நாங்கள் இதைவிட இருட்டில் ஆடியிருக்கிறோம்' என்பது சட்டமல்ல.

ஒரு டெஸ்ட் நாளில் 90 ஓவர், அதில் 45 உங்கள் முனையில். குறைந்தது 270 முறை குனிந்து நிமிர்ந்து, ஆறு மணி நேரம் நிற்க வேண்டும். ஓய்வு பெற்றபின் எடை கூடியவர்களுக்கு முதலில் போவது இடுப்பும் பாதமும்தான். மாலை நான்கு மணிக்கு மேல் தவறான முடிவுகள் வரத் தொடங்கும். வாரத்தில் நான்கு நாள் நடை, கால் தசைப் பயிற்சி, ஒவ்வொரு இடைவேளையிலும் தண்ணீர், வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை. கவனத்தை ஆறு மணி நேரம் பிடித்துவைக்க யாராலும் முடியாது. பந்து டெட் ஆனதும் கவனத்தைத் தளர்த்தி, பௌலர் ரன்-அப் குறியில் திரும்பும்போது மீண்டும் கூட்டிக்கொள்ளுங்கள். நல்ல பேட்ஸ்மேன்கள் செய்வதும் இதைத்தான். இந்த ஒரு பழக்கத்தை அப்படியே எடுத்து வரலாம்.

எப்படி மேலே போவது

தேர்வு, கிளப் ஆட்டம், மாநில அல்லது மாகாண ஆட்டம், முதல்தர ஆட்டம், பிறகு ஐசிசியின் சர்வதேச பேனல், அதன்பின் 2002-ல் தொடங்கிய எலீட் பேனல் (உலகின் உயர்மட்ட அம்பயர்கள் குழு). முன்னாள் வீரர்களுக்குச் சில வாரியங்கள் முதல் படிகளைச் சுருக்கித் தருவதுண்டு. தர்மசேன 2006-ல் ஓய்வு பெற்றார், 2009 ஜனவரியில் முதல் ஒருநாள் ஆட்டத்தில் நின்றார், 2011-ல் எலீட் பேனலில் சேர்ந்தார். இவ்வளவு வேகமாகப் போகிறவர்கள் அரிது. சலுகை கிடைத்தாலும் முதல் இரண்டு சீசன் கீழ்மட்ட ஆட்டங்களில் நிற்பது நல்லது. அங்கேதான் கோடு வளைந்திருக்கும், கேமரா இருக்காது, பதினோராவது ஆள் இல்லாமல் ஆட்டம் தொடங்கும், ஸ்கோரர் பதில் சைகை தர மாட்டார். முடிந்தால் முதல் ஆறு மாதம் உங்கள் பழைய அணி ஆடாத ஆட்டங்களைக் கேட்டு வாங்குங்கள்.

ஒவ்வொரு நாள் முடிவிலும் ஒரு அட்டையில் நான்கு விஷயம் எழுதுங்கள்: வந்த அப்பீல்கள், கொடுத்த முடிவு, அதற்கு நீங்கள் பார்த்த காரணம், நின்ற இடம். வீடியோ இருந்தால் மறுநாள் காலையில் ஒப்பிடுங்கள், அன்றிரவு வேண்டாம். முப்பது நாற்பது அட்டை சேர்ந்த பிறகு உங்கள் தவறு ஒரே வகையில் திரும்பத் திரும்ப வருவது தெரியும்: சிலருக்கு இடக்கை பௌலர், சிலருக்கு உயரம், சிலருக்குக் கடைசி மணி நேரம். நெட்டில் பழக வேண்டியது அந்த ஒன்றைத்தான்.